பார்சிலோனா காத்திக் குவார்ட்டர் (பழைய நகரப் பகுதி): கைடோட போகணுமா, சும்மா சுத்தலாமா?

அடுத்த மாசம் போறோம், அம்மாவும் வர்றாங்க, அவங்களுக்கு முழங்கால் வலி. வாக்கிங் டூர்ல ரெண்டு மணி நேரம் நடக்க வைப்பாங்களாமே, தேவையா?

பதில் 1:
எடுங்க ப்ரோ. கைடு இல்லாம போனா பிஷப் தெருவுக்கு மேல இருக்கிற பாலத்த பாத்து ஆகா எவ்ளோ பழசுன்னு போட்டோ எடுத்துட்டு வந்துருவீங்க, அது கட்டினதே 1928ல. கதீட்ரல் (அங்க இருக்கிற பெரிய சர்ச்) கட்ட ஆரம்பிச்சது 1298, ஆனா முன்பக்க முகப்பு 19ம் நூற்றாண்டு கடைசில வெச்சதுதான். எது ஒரிஜினல் எது ஒட்டுனதுன்னு சொல்ல ஆள் வேணும்.

பதில் 2:
சான் ஃபெலிப் நெரி சதுக்கத்த விட்டுறாதீங்க. சர்ச் சுவர்ல கீழ்ப்பக்கம் பூரா அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருக்கும், 1938ல உள்நாட்டுப் போர் சமயத்துல விமானத்துலருந்து போட்ட குண்டு, செத்த 42 பேர்ல நிறைய பேர் குழந்தைங்க. பக்கத்துலயே பசங்க பந்து விளையாடிட்டு இருப்பாங்க, மனசு என்னமோ பண்ணும்.

பதில் 3:
அம்மாவுக்கு நடக்கறத விட அங்கங்க நின்னு கேக்கறதுதான் கஷ்டம். சின்ன குரூப்பா புக் பண்ணுங்க, ஃப்ரீ டூர்ல கூட்டம் அதிகம், கடைசில டிப்ஸும் குடுக்கணும். முடியலன்னா கதீட்ரல் உள்முற்றத்துல உக்கார வைங்க, 13 வெள்ளை வாத்து சுத்திட்டு இருக்கும், நல்லா பொழுது போகும்.