எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எழுத விடமாட்டேன் என்கிறது; உள்ளே அப்பாவின் வில்லுப்பாட்டுப் பதிவுகள்

குடத்தார் மகன், இரணியல்

எங்கள் அப்பா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். 1987 முதல் அவர் போன கோயில் கொடைகளில் டேப் ரெக்கார்டரில் பிடித்த கேசட்டுகள் 63 வீட்டில் இருந்தன. அப்பா போன பிறகு ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஆடாசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருளில் ஏற்றினேன். இரண்டு மழைக்காலம் அதற்கே போனது. பல கேசட்டுகளில் பூஞ்சை பிடித்து, ஒருமுறை ஓடியதோடு நாடா அறுந்துவிட்டது. ஆகவே இனி எல்லாம் ஒரு 1 டிபி டிஸ்க்கில்தான் இருக்கிறது.

பழைய லேப்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது. புது லேப்டாப்பில் உபுண்டு 24.04 (லினக்ஸ்) போட்டேன். டிஸ்க்கைச் செருகினால் பெயர் வருகிறது, பாட்டும் கேட்கிறது. ஆனால் புது ஃபோல்டர் போட முடியவில்லை, ஒரு பெயரைக்கூட மாற்ற முடியவில்லை. ‘அப்பா’ என்று ஒரு ஃபோல்டர் திறக்கவே மாட்டேன் என்கிறது. முப்பந்தல் இசக்கியம்மன் கதை, மூன்று கேசட் நீளத்துக்கு, அதற்குள்தான் இருக்கிறது. வருகிற செவ்வாய் எங்கள் ஊரில் கொடை. பாட வருகிற தோவாளைப் பையன் அந்தப் பழைய மெட்டைக் கேட்க வேண்டும் என்று நாலு நாளாக போன் செய்கிறான்.

அவசரத்தில் சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்டுவது) போட்டு 12 ஃபைல்களை டிஸ்க்கில் காப்பி செய்தேன். இப்போது அவற்றை என்னாலேயே அழிக்க முடியவில்லை. பையனுக்குக் கொடுக்க வாங்கிய எக்ஸ்ஃபேட் பென்டிரைவையும் டெர்மினலில் சூடோ மவுண்ட் கொடுத்துதான் இணைத்தேன். அதிலும் எழுத முடியவில்லை. யாராவது சொல்லித் தாருங்கள்.

வடசேரிக்காரன்

டிஸ்க் முழுவதற்கும் சூடோவில் சிஎச்மாட் 777 (அனுமதியை மாற்றும் கட்டளை) கொடுத்துவிடுங்கள். எனக்கு எப்போதும் அதுதான் கை கொடுக்கிறது.

வேளிமலை அடிவாரம்

தம்பி, 777 வேண்டாம், கொஞ்சம் பொறு. வடசேரி அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அது யார் வந்தாலும் எழுதலாம், அழிக்கலாம் என்று எல்லாக் கதவையும் திறந்து போடுகிற வேலை. பாட்டு ஃபைல்கூட ஓடக்கூடிய புரோகிராம் என்று குறிக்கப்பட்டுவிடும். உரிமையாளர் யார் என்பது அப்போதும் மாறாது. அறுந்த நாடாவுக்கு மாற்றாக ஒரே ஒரு பிரதி வைத்திருக்கிறாய், அதில் இந்தச் சோதனை வேண்டாம்.

முதலில் டிஸ்க் எந்த வகை என்று பார். டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே, இடம் விட்டு -எஃப். இஎக்ஸ்டி4 (லினக்ஸ் டிஸ்க் வகை) என்று வந்தால், அந்த டிஸ்க்கின் ஃபோல்டருக்குள் போய் எல்எஸ், இடம் விட்டு -எல்என் கொடு. இந்த ‘என்’ முக்கியம். பெயருக்குப் பதில் எண்ணைக் காட்டும். பிறகு ஐடி என்று மட்டும் தட்டினால் உன் எண் வரும். இரண்டையும் இங்கே போடு.

ஏன் கேட்கிறேன் என்றால், இஎக்ஸ்டி4 டிஸ்க்கில் உன் பெயர் எழுதப்படுவதே இல்லை, எண்தான் எழுதப்படுகிறது. உபுண்டுவில் முதலில் உருவாக்கும் கணக்குக்கு 1000, அடுத்ததற்கு 1001. வேறு கம்ப்யூட்டருக்கு டிஸ்க் போனாலும் அதே எண் கூடவே போகும். அங்கே அந்த எண்ணுக்கு வேறு ஆள் இருக்கலாம், ஆளே இல்லாமலும் இருக்கலாம். பழைய லேப்டாப்பில் உனக்கு முன்னால் வேறு யாருக்காவது கணக்கு இருந்ததா?

குடத்தார் மகன், இரணியல்

அண்ணே, ஆமாம்! அந்த லேப்டாப் முதலில் எங்கள் அண்ணனுடையது. அவன் சவூதி போகும்போது எனக்குத் தனிக் கணக்கு போட்டுத் தந்துவிட்டுப் போனான். டிஸ்க் இஎக்ஸ்டி4தான். பார்த்தால் எல்லாம் 1001, நான் காப்பி செய்த 12 மட்டும் 0. ஐடி கொடுத்தால் எனக்கு 1000 என்று வருகிறது. ‘அப்பா’ ஃபோல்டருக்கு நேரே முதல் நான்கு எழுத்துகளுக்குப் பிறகு வெறும் கோடுகள்.

வேளிமலை அடிவாரம்

அதுதான் விஷயம். டிஸ்க்கில் பழுது ஒன்றும் இல்லை, நிம்மதியாக இரு. 1001 என்கிற ஆள் உன் புது லேப்டாப்பில் இல்லை. நீ அங்கே வெளியாள். வெளியாளுக்குப் படிக்க அனுமதி இருந்ததால் பாட்டு கேட்டது. எழுத அனுமதி இல்லை. ‘அப்பா’ ஃபோல்டரில் வெளியாளுக்கு எதுவுமே இல்லை, அதனால்தான் அது திறக்கவில்லை. 0 என்றால் ரூட், அதாவது சிஸ்டத்தின் நிர்வாகி. சூடோ போட்டுக் காப்பி செய்ததால் வந்தது.

பழைய லேப்டாப் இனி இல்லை என்பதால் உரிமையை உன் பெயருக்கு மாற்றிவிடலாம். சூடோ, சிஎச்ஓன், -ஆர் (பெரிய எழுத்து ஆர்), 1000:1000, கடைசியில் டிஸ்க்கின் பாதை. பாதை /மீடியா/, அடுத்து உன் பயனர்பெயர், அடுத்து டிஸ்க்கின் பெயர் என்று இருக்கும். அதைக் கையால் தட்டாதே. ஃபைல் மேனேஜரிலிருந்து டிஸ்க்கை இழுத்து டெர்மினலில் போட்டால் பாதை தானே விழும். வெறும் சாய்கோட்டோடு நின்றாலோ சாய்கோட்டுக்குப் பின் ஓர் இடைவெளி விழுந்தாலோ லேப்டாப்பின் முழு சிஸ்டமும் உன் பெயருக்கு மாறி, பிறகு சூடோவே வேலை செய்யாது. என்டர் தட்டும் முன் வரியை வாய்விட்டு ஒருமுறை படி. ஒரு வீட்டில் இப்படி ஆனதைச் சரிசெய்ய நான் இரவு இரண்டு மணி வரை இருந்தேன், அதனால் சொல்கிறேன்.

பென்டிரைவ் கதை வேறு. எக்ஸ்ஃபேட்டில் உரிமையாளர் என்று எழுதி வைக்கவே இடம் கிடையாது. இணைக்கிற நேரத்தில் யார் பெயரில் இணைக்கிறோமோ அவர் பெயரே எல்லாவற்றுக்கும். நீ சூடோவில் இணைத்ததால் எல்லாம் ரூட் ஆகிவிட்டது. அங்கே சிஎச்மாட் எத்தனை முறை கொடுத்தாலும் நடக்காது. சூடோ யூமவுண்ட் கொடுத்துக் கழற்றி, மறுபடி செருகி, ஃபைல் மேனேஜர் தானாகத் திறக்கட்டும். பையன் விண்டோஸ் வைத்திருந்தாலும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்கும். டிஸ்க்கையே தூக்கிக் கொடுத்துவிடாதே. விண்டோஸ் இஎக்ஸ்டி4ஐப் புரிந்துகொள்ளாமல் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும், யாராவது சரி என்று தட்டிவிடுவார்கள்.

தேங்காப்பட்டணம்

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். என்னுடையது என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வகை) டிஸ்க், கல்யாண வீடியோக்கள். நேற்று வரை எழுதியது, இன்று படிக்க மட்டும் விடுகிறது. எனக்கும் சிஎச்ஓன்தானா?

வேளிமலை அடிவாரம்

இல்லை. பெரும்பாலும் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (முழுதாக அணையாமல் அடுத்த முறை வேகமாகத் திறக்கும் வசதி) இருப்பதாலோ, சொல்லாமல் பிடுங்கியதாலோ வருவது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி, சிஎச்கேடிஎஸ்கே ஓடவிட்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, ‘பாதுகாப்பாக அகற்று’ கொடுத்து எடுங்கள். அதன் பிறகும் அப்படியே இருந்தால் லினக்ஸில் சூடோ டிஎம்இஎஸ்ஜி (சிஸ்டத்தின் செய்திகளைக் காட்டும் கட்டளை) கொடுத்துக் கடைசி வரிகளைப் பாருங்கள். ஐ/ஓ எரர் என்று வந்தால் எழுதுவதை விட்டுவிட்டு முதலில் வீடியோக்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

குடத்தார் மகன், இரணியல்

அண்ணே, வரியை வாய்விட்டுப் படித்துத்தான் என்டர் தட்டினேன். பத்து விநாடிகூட ஆகவில்லை. ‘அப்பா’ திறந்துவிட்டது. 12 ஃபைல்களும் என் பெயருக்கு வந்துவிட்டன, இரட்டையாக இருந்தவற்றை அழித்தேன். பென்டிரைவும் சரி.

மூன்றாவது கேசட் முடிகிற இடத்தில், குடத்தை இறக்கி வைத்துவிட்டு, “டேப்ப அணைச்சிரு மக்கா” என்று அப்பா சொல்வது தெளிவாகக் கேட்கிறது. அதை வெட்டாமல் அப்படியே பென்டிரைவில் ஏற்றியிருக்கிறேன். நாளைக் காலை கொடைக்குப் பூ எடுக்கத் தோவாளை போகிறேன், அப்படியே பையன் கையில் கொடுத்துவிடுவேன். இரண்டாவது டிஸ்க் ஒன்றும் வாங்குகிறேன் அண்ணே, மாதக் கடைசியில்.