மீனம்பாக்கம் விமான நிலையத்தில் அத்தோ கடை: வாடகை எப்படி முடிவாகிறது?

கேள்வி (வியாசர்பாடி): இங்கே அத்தோ (பர்மிய நூடுல்ஸ் உணவு) கடை நடத்தும் நாங்கள் விமான நிலையத்தில் சிறிய இடமொன்று எடுக்க விரும்புகிறோம், வாடகை முறையை அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

பதில் (ராயபுரம்): ஐயா, இந்திய விமான நிலைய ஆணையம் ஒப்பந்தப்புள்ளி வழியாகவே இடம் தருகிறது. பெரும்பாலும் மாதாந்தரக் குறைந்தபட்ச உறுதித்தொகை, விற்பனையில் ஒரு பங்கு ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதைச் செலுத்த வேண்டும். விற்பனை படுத்த மாதத்திலும் உறுதித்தொகையைக் கட்டியே ஆகவேண்டும் என்பதுதான் சிறு வணிகருக்குப் பெரும் சுமை.

பதில் (தண்டையார்பேட்டை): பாதுகாப்புப் பகுதிக்குள் பணிபுரியும் ஒவ்வொருவருக்கும் அனுமதி அட்டை தேவை, வெங்காயம் நறுக்கும் கத்திக்கும் கட்டுப்பாடு உண்டு. உணவுக்கூடத்தை மொத்தமாக எடுத்த நிறுவனத்திடம் உள்குத்தகை கேட்பதே உங்களுக்கு ஏற்றது என்பேன்.

பதில் (பெரம்பூர்): 2025இல் அங்கே திறக்கப்பட்ட மலிவு விலை உணவகமான உடான் யாத்ரி கஃபேயில் தேநீர் 10 ரூபாய், சமோசா 20 ரூபாய். விலை வைக்குமுன் அதையும் பாருங்கள்.