ஜிம் ஹாலை மையமாக வைத்து இம்ப்ரூவைசேஷன் பாடம்: எங்கிருந்து தொடங்குவது?

தந்திவாசகன்

ஜாஸ் கிட்டார் வகுப்பு. நான்கு மாணவர்கள், பத்து வாரம். மேஜர் ஸ்கேலில் ஐந்து பொசிஷனிலும் கை ஓடும், செவன்த் கார்டுகளும் தெரியும். ஆனால் சோலோ என்றதும் ஸ்கேலில் ஏறி இறங்குவதுதான் நடக்கிறது, நடுவில் இடைவெளியே விழுவதில்லை. அமெரிக்க ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜிம் ஹாலின் வாசிப்பைக் கொண்டு இதைச் சரிசெய்ய நினைக்கிறேன். எந்த ரெக்கார்டிங்கை முதலில் கேட்க வைப்பது? ஒரு சின்ன மோட்டிஃபை (சில ஸ்வரங்களால் ஆன இசைத்துணுக்கை) வளர்த்தெடுக்க என்ன பயிற்சி கொடுக்கலாம்? மற்றவர் சோலோ வாசிக்கும்போது கம்பிங் (துணையாகக் கார்டு வாசிப்பது) எவ்வளவு போதும்?

ஆறாம்ஃப்ரெட்

நல்ல தேர்வு. ஹால் கிளீவ்லாண்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மியூசிக்கில் படித்துவிட்டு 1955இல் லாஸ் ஏஞ்சலஸ் போனவர். அங்கே ட்ரம்மர் சிக்கோ ஹாமில்டன் குழு, 1957இல் சாக்ஸபோன் கலைஞர் ஜிம்மி ஜுஃப்ரியின் ட்ரியோ (மூவர் குழு). அந்த ட்ரியோவில் ட்ரம்ஸ் கிடையாது. பிறகு பாப் புரூக்மேயர் வால்வ் ட்ராம்போனோடு சேர்ந்தபோது பேஸும் போய்விட்டது. தாளம், ஹார்மனி, பதில் மெலடி எல்லாமே கிட்டார் தலையில். அவர் ஒரு ஸ்வரத்தைக்கூட வீணாக்காததற்கு இந்தப் பழக்கம் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

முதலில் 1962இல் சாக்ஸபோன் கலைஞர் சோனி ராலின்ஸோடு வாசித்த 'தி பிரிட்ஜ்'. அதில் பியானோ இல்லாததால் கிட்டார் தனியாகக் கேட்கும். ஒரு கோரஸ் (பாட்டின் ஒரு முழுச் சுற்று) முழுவதும் மாணவர்கள் கிட்டாரைத் தொடாமல், ஹால் வாசிக்காத பீட்களை மட்டும் எண்ணட்டும். அடுத்தது 1975இல் டொரன்டோவில் டான் தாம்சன் பேஸ், டெர்ரி கிளார்க் ட்ரம்ஸோடு பதிவான லைவ் ஆல்பம். மோட்டிஃப் எப்படி வளர்கிறது என்பதை அதில் படிப்படியாகத் தொடரலாம். எழுதியெடுப்பதற்கு முன் எட்டு பாரையாவது (ஒரு பார் என்றால் நான்கு பீட்) வாயால் பாடச் சொல்லுங்கள். பாட வராத வரி கையிலும் வராது.

மோட்டிஃபுக்கு 12 பார் பி ஃப்ளாட் புளூஸ் எடுங்கள். மூன்றே ஸ்வரம்: எஃப் (2வது ஸ்ட்ரிங், 6வது ஃப்ரெட்), ஜி (2வது, 8வது), பி ஃப்ளாட் (1வது, 6வது). முதல் நான்கு பாரில் அப்படியே. 5ஆம் பாரில் ஈ ஃப்ளாட் 7 வந்தாலும் மாற்ற வேண்டாம், அங்கே அவை 9, 3, 5 ஆகிவிடும். 6ஆம் பாரில் ஈ டிமினிஷ்டு, எனவே எஃப்-ஐ ஒரு ஃப்ரெட் இறக்கி ஈ. 8ஆம் பாரில் ஜி7, பி ஃப்ளாட்டை ஒரு ஃப்ரெட் ஏற்றி பி நேச்சுரல். 9ஆம் பாரில் சி மைனர் 7, பழையபடியே. 10ஆம் பாரில் எஃப்7, பி ஃப்ளாட்டை ஏ-வுக்கு இறக்க வேண்டும். இறக்காவிட்டால் அந்தக் கார்டின் 3ஆம் ஸ்வரத்தோடு முட்டும். எல்லாமே 5 முதல் 8 வரையுள்ள ஃப்ரெட்டுக்குள். கார்டு மாறுவதை ஒரே ஒரு ஸ்வரம் அரை ஸ்தானம் நகர்ந்து சொல்லிவிடுகிறது என்பது இங்கே காதில் ஏறும்.

முதல் வாரம் ஒரு பார் வாசி, ஒரு பார் சும்மா இரு. சும்மா இருக்கும் பாரில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். அதைத் தளர்த்தாதீர்கள்.

நாலுதட்டு

கம்பிங் பற்றி மட்டும் சொல்கிறேன். பேஸ் இருந்தால் ரூட் (கார்டின் அடி ஸ்வரம்) வேண்டாம். சி மேஜரில் இரண்டு-ஐந்து-ஒன்று என்ற கார்டு வரிசை, 4வது, 3வது ஸ்ட்ரிங் மட்டும்: டி மைனர் 7க்கு ஃப்ரெட் 3, 5. ஜி7க்கு 3, 4. சி மேஜர் 7க்கு 2, 4. ஒவ்வொரு முறையும் ஒரு விரல்தான் ஒரு ஃப்ரெட் நகர்கிறது. இரண்டு பாருக்கு மூன்று தட்டுக்கு மேல் வேண்டாம்.

பேஸ் இல்லையென்றால் வேறு கணக்கு. பியானோ கலைஞர் பில் எவன்ஸோடு 1962இல் ஹால் வாசித்த 'மை ஃபன்னி வேலன்டைன்' வேகமான டெம்போ. பியானோ சோலோவுக்கு அடியில் கிட்டார் பாருக்கு நான்கு தட்டு வாசிக்கும். இதற்கு 6, 4, 3வது ஸ்ட்ரிங்: டி மைனர் 7க்கு 10, 10, 10. சி மேஜர் 7க்கு 8, 9, 9. நடுவில் வரும் ஜி7க்கு மட்டும் ரூட்டை 5வது ஸ்ட்ரிங்கில் 10இல் வைத்து, 4வதில் 9, 3வதில் 10. இடையில் உள்ள ஸ்ட்ரிங்கை ரூட் பிடிக்கும் விரலின் நுனியால் மூடுங்கள். எல்லாம் டவுன்ஸ்ட்ரோக், தட்டியவுடன் இடதுகை அழுத்தம் விட வேண்டும். பிடித்தே வைத்திருந்தால் கார்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழிந்து டெம்போ பின்னால் இழுக்கும்.

சுருதிப்பெட்டி

மேலே சொன்னதெல்லாம் சரி, சத்தத்தின் அளவையும் சேருங்கள். ஆம்ப்பைக் குறைத்து, கிட்டாரின் மரச்சத்தமும் அறையில் கேட்கும் அளவில் வையுங்கள். ஃப்ளாட்வௌண்ட் (தட்டையான கம்பி சுற்றிய ஸ்ட்ரிங்) 12 செட், 3வது ஸ்ட்ரிங்கும் வௌண்டாக இருக்கட்டும். அங்கே பிளெயின் (கம்பி சுற்றாத) ஸ்ட்ரிங் போட்டால் அந்த இரண்டு ஸ்வரக் கார்டில் ஒரு குரல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பிக்கால் அடிப்பதைப் பாதியாக்கி, மீதியை ஹாமர், புல், ஸ்லைடில் எடுக்கச் சொல்லுங்கள். ஹாலின் வரிகள் பேச்சுபோல வளைவது அதனால்தான்.

தந்திவாசகன்

மிக்க நன்றி. மோட்டிஃபை ஒரு பீட் தள்ளி வாசிக்கச் சொன்னால் பாரையே தொலைத்துவிடுகிறார்கள். இன்னொன்று, கம்போசிங்கையும் இதில் சேர்க்க முடியுமா?

ஆறாம்ஃப்ரெட்

தொலைப்பதற்குக் காரணம், தள்ளிய இடத்தையே புதிய ஒன்றாவது பீட்டாகக் காது எடுத்துக்கொள்வது. மோட்டிஃபை மூன்று பீட் நீளமாக்கி விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். தகிட, தகிட என்று நான்கு முறை போனால் 12 பீட், சரியாக மூன்று பாரில் ஒன்றாவது பீட்டில் வந்து விழும். நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும். மெட்ரோனோமை 60இல் வைத்து அதை 2, 4ஆம் பீட்டாகக் கொண்டால் டெம்போ 120. கிளிக்கை 1, 3 என்று கேட்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, வாயால் எண்ணி மறுபடி தொடங்க வேண்டும். கையை ஓட்டிக்கொண்டே சரிசெய்ய முயன்றால் சிக்கல் கூடும்.

கம்போசிங் கட்டாயம் சேருங்கள், ஹாலிடம் அதைத் தனியாகப் பிரிக்கவே முடியாது. 1997இல் ஸ்ட்ரிங்ஸ், பிராஸ் கருவிகளுக்கு எழுதிய இசையை 'டெக்ஸ்சர்ஸ்' என்று ஓர் ஆல்பமாகவே வெளியிட்டார். வகுப்புக்கு அவருடைய 'கேர்ஃபுல்' போதும்: டிமினிஷ்டு ஸ்கேலை (முழு, அரை ஸ்தானம் மாறி மாறி வரும் ஸ்கேல்) வைத்துக் கட்டிய 16 பார் புளூஸ். அந்த ஸ்கேல் மூன்று ஃப்ரெட்டுக்கு ஒருமுறை தன்னையே திருப்பிச் சொல்லும். அதனால் ஒரே வடிவத்தை மூன்று மூன்றாக ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும், நான்காவது தடவை காது அலுத்துவிடும். ஒரு வரியில் ஒரே ஒரு நகர்த்தல், நகர்த்தும்போது ரிதம் மாற வேண்டும் என்று விதி வையுங்கள். அதே விதியில் ஆளுக்கு 16 பார் எழுதி, அடுத்த வகுப்பில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிக்கட்டும்.