குவில்ட்டில் கை: விரல்கள் தட்டையாத் தெரியுது

சாட்ஸ்வர்த்திலிருந்து:
குவில்ட்டில், அதாவது துணி அடுக்கித் தைக்கும் விரிப்பில், காவடியைப் பிடித்த இரு கைகளைத் துணி ஒட்டித் தைக்கிறேன். விரல்கள் வாழைப்பழச் சீப்பு மாதிரி இருக்கு. என்ன செய்யலாம்?

டர்பனிலிருந்து:
ஒரே பழுப்புத் துணியில் வெட்டினால் அப்படித்தான் தம்பி. போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி 5 சாயலாகப் பிரியுங்க. சாயலுக்கு ஒரு துணி. இருண்டது அடியில், வெளிறியது மேலே. விரலிடுக்கில் கறுப்பு வைத்தால் ஓட்டையாத் தெரியும், அடர் செம்பழுப்பு போதும். ஒட்டுத்தாளில் (இஸ்திரி போட்டால் துணியை ஒட்டும் தாள்) படத்தை இடவலம் மாற்றி வரையணும், இல்லேன்னா வலக்கை இடக்கையாகிடும்.

பீனிக்ஸிலிருந்து:
அக்கா சொன்னது சரி. மூட்டு ரேகை நேர்கோடா இருக்கக்கூடாது, விரலைச் சுற்றி வளையணும். அடியில் ஸ்டெபிலைசர் (துணியைத் தாங்கும் விறைப்பான தாள்) வைத்து, மெல்லிய நூலால் தையுங்க. நெருக்கித் தைத்தால் துணி சுருங்கும். அதனால கையைத் தனியா முடித்துப் பின்னணியில் பொருத்துங்க. நகத்துக்கு வெள்ளை வேண்டாம், தோலைவிட ஒரு சாயல் வெளிறினா போதும்.