பிளைத்பரோ ஆலயத்துத் தேவதூதர்கள்: ஒரு மழை நாள் அனுபவம்

வணக்கம். இங்கிலாந்தின் ஊர்ப்புறத்து ஆலயங்களில் மறக்க முடியாத அனுபவம் எது என்று இங்கே கேட்டிருந்தீர்கள். நான் ஒரே ஓர் ஆலயத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். சென்ற மார்ச்சில் ஒரு விடுமுறை நாளில் சவுத்வோல்ட் கடற்கரைக்குக் காரில் புறப்பட்டேன். ஏ12 சாலையில் பிளைத் ஆற்றை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கடல் ஏற்றத்தில் ஆறு பெருகி, நாணல் மண்டிய சேற்றுநிலமெல்லாம் வெள்ளக்காடாகக் கிடந்தது. அதற்கு மேலே ஒரு மேட்டில், நிலைக்குத் திரும்பாமல் வயலிலேயே நின்றுவிட்ட தேரைப்போல ஓர் ஆலயம். சுற்றிலும் இருப்பதோ சில வீடுகள் மட்டுமே. இத்தனை சிறிய ஊருக்கு இத்தனை பெரிய ஆலயம் ஏன் என்று தோன்றியதும் வண்டியை அங்கே திருப்பிவிட்டேன்.

ஊர் பிளைத்பரோ. ஆலயத்துக்குப் பரிசுத்த திரித்துவ ஆலயம் என்று பெயர். கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே காலடி வைத்ததும் முதலில் என்னைத் தொட்டது வெளிச்சம்தான். மழை நாளிலும் மேல்வரிசைச் சன்னல்கள் வழியாக வெண்மையான ஒளி இறங்கிக்கொண்டிருந்தது. வண்ணக் கண்ணாடி பெரும்பாலும் இல்லை. வெளுத்த செங்கல் தரை. அண்ணாந்து பார்த்தேன். நீண்ட மரக்கூரையின் நடுவில் சிறகு விரித்த தேவதூதர்கள், இருவர் இருவராக. உத்தரங்களில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தீட்டிய சிவப்பும் பச்சையும் மங்கலாக இன்னும் ஒட்டியிருந்தன.

பலிபீடத்தருகே ஒரு மூதாட்டி பூ அடுக்கிக்கொண்டிருந்தார். என் கேள்வியை அவரிடமே கேட்டேன். "ஒரு காலத்தில் இது துறைமுகம், அம்மா. கப்பல் வந்தது, பணமும் வந்தது" என்றார். 15ஆம் நூற்றாண்டில் அந்தப் பணத்தில் எழுப்பிய ஆலயம் இது. பிறகு ஆறு தூர்ந்தது. பெரிய கப்பல்கள் வரவில்லை. பக்கத்திலிருந்த துறவிகள் மடத்தையும் 1537இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சி கலைத்துவிட்டது. ஊர் சுருங்கிப்போக, ஆலயம் மட்டும் அதே அளவில் நின்றுவிட்டது.

அவரே என்னை வடக்குக் கதவுக்கு அழைத்துப்போனார். பழைய மரத்தில் விரல் நீளத்துக்குக் கருகிய தடங்கள். 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது இடி விழுந்து, கோபுரத்தின் கூம்பு சரிந்து கூரையைப் பிளந்தது. ஒரு மனிதரும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். அன்று உள்ளே பாய்ந்தது கறுப்பு நாய் உருவில் வந்த பிசாசு என்றும், அதன் நகம் பட்ட இடமே இது என்றும் இந்த வட்டாரத்தில் சொல்லிவருகிறார்கள். நான் அந்தத் தடத்தில் விரல் வைக்கவில்லை. நாயைவிட அந்தச் சிறுவனைத்தான் நினைத்துக்கொண்டேன். அவனைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

தேவதூதர்களின் கதை இன்னும் நீளம். நாடாளுமன்றப் படை மன்னரோடு மோதிய உள்நாட்டுப் போர்க்காலத்தில், ஆலயங்களிலுள்ள உருவங்களை அழிக்கும் பொறுப்பு வில்லியம் டவுசிங் என்பவரிடம் தரப்பட்டிருந்தது. 1644 ஏப்ரலில் இங்கே வந்தவர், இருபது தேவதூதர்களை இறக்கிவிடும்படி கட்டளையிட்டுப் போனார். இன்று எஞ்சியிருப்பவர்கள் பன்னிரண்டு பேர். சிறகுகளில் துப்பாக்கிச் சன்னங்கள் பதிந்திருந்ததால், டவுசிங்கின் ஆட்கள் கீழிருந்து சுட்டார்கள் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். உண்மை வேறு. கூரைக்குள் கூடுகட்டிய சிறு காக்கைகளை விரட்ட 18ஆம் நூற்றாண்டில் வெடிமருந்தும் சன்னமும் வாங்கிய செலவு ஆலயத்தின் கணக்கேடுகளிலேயே இருக்கிறது. காக்கைக்குக் குறிவைத்தது தேவதூதர்மேல் பட்டிருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது. பகைவன் செய்ததைத் தாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்காரனே பாராமல் செய்தது வேறு வலி.

பெஞ்சுகளின் முனைகளை விட்டுவிடாதீர்கள். கிறிஸ்தவ மரபு சொல்லும் தலையான பாவங்களை ஊர்த் தச்சன் மனிதராகவே செதுக்கியிருக்கிறான். சோம்பல் படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் கிடக்கிறது. பேராசை பணப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறது. பெருந்தீனி தன் வயிற்றையே பிடித்துக்கொண்டிருக்கிறது. படிக்கத் தெரியாத உழவனுக்கும் ஒரே பார்வையில் விளங்கும். பாடகர் இருக்கையில் 1665 என்ற ஆண்டோடு டிர்க் என்ற ஒரு பையனின் பெயர் இருக்கிறது. ஒரு பகுதியைப் பள்ளிக்கூடமாக வைத்திருந்த காலத்தில், பாடம் கேட்க வேண்டிய நேரத்தில் கத்தியால் செதுக்கியிருப்பான். அந்த எழுத்தை நான் இரண்டு முறை தடவிப் பார்த்தேன்.

19ஆம் நூற்றாண்டில் கூரை ஒழுகி, மக்கள் குடை பிடித்துக்கொண்டு ஆராதனையில் உட்கார்ந்தார்கள். 1881இல் ஆபத்தான கட்டடம் என்று பேராயர் மூடிவிட்டார். பழுதுபார்க்கும் பேச்சு வந்தபோது, கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸும் நண்பர்களும் தொடங்கியிருந்த பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழையதை இடித்துப் புதிதாக்காதீர்கள், இருப்பதைத் தாங்கி நிறுத்துங்கள் என்று வாதாடியது. அந்தக் காலத்தில் செல்வம் கொழித்த ஊர்ச் சபைகள் தங்கள் ஆலயங்களைச் சுரண்டிப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தன. பிளைத்பரோவிடம் அதற்குக் காசு இல்லை. கருகிய கதவும் வண்ணம் மங்கிய உத்தரமும் நமக்கு மிஞ்சியது அந்த வறுமையால்தான் என்பது என் எண்ணம்.

அன்று நான் கடற்கரைக்குப் போகவே இல்லை.

*

பதில்: நாணல்

அக்கா, பிளைத்பரோவிலிருந்து சில மைல் தூரத்தில்தான் வென்ஹாஸ்டன். அங்குள்ள புனித பேதுரு ஆலயத்தையும் பார்த்துவிடுங்கள். உலக முடிவில் கடவுள் எல்லோரையும் நியாயந்தீர்க்கும் கடைசித் தீர்ப்பை மரப்பலகைகளில் தீட்டிய ஓவியம் ஒன்று இருக்கிறது, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுப் பழமை. 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தக் காலத்தில் அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அடியில் ஓவியம் இருப்பதே ஊருக்கு மறந்துபோயிற்று. 1892இல் ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது பலகைகளைப் பெயர்த்துக் கல்லறைத் தோட்டத்தில் எறிந்தார்கள். இரவில் பெய்த மழையில் சுண்ணாம்பு கரைந்து, காலையில் முகங்கள் தெரிந்தன.

என்னைக் கட்டிப்போட்டது ஒரு மூலைதான். புனித பேதுருவின் முன்னால் அரசனும் அரசியும் பேராயரும் கர்தினாலும் நிற்கிறார்கள். உடம்பில் துணி இல்லை. தலையில் மட்டும் கிரீடமும் தொப்பியும். அங்கே பதவியை அடையாளம் காட்ட அவ்வளவு போதும் என்று அந்த ஓவியன் முடிவு செய்திருக்கிறான்! நடுவில் ஓவியமே இல்லாத வெற்றிடங்கள். சிலுவையும், இயேசுவின் தாய் மரியாள், சீடர் அருளப்பர் உருவங்களும் முன்பு நின்ற இடங்கள் அவை. பிடுங்கி எடுத்தவர்களுக்குப் பலகையில் நிழலை அழிக்கத் தெரியவில்லை.

*

பதில்: ஹேல்ஸ்வொர்த் வாசி

நான் இந்தப் பக்கத்தில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். இரண்டு செய்திகள் சேர்க்கிறேன். 1944 ஆகஸ்ட் 12 அன்று, பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடியின் அண்ணன் ஜோசப், வெடிமருந்து ஏற்றிய விமானத்தோடு பிளைத்பரோவின் வானத்திலேயே வெடித்துச் சிதறினார். அடுத்தது, 1969 ஜூனில் ஸ்னேப் இசை அரங்கு எரிந்தபோது, அங்கே ஆல்டபரோ இசை விழாவுக்காக ஒத்திகை பார்த்திருந்த ஆப்பரா என்னும் இசை நாடகத்தை இந்த ஆலயத்துக்குள் கொண்டுவந்து நடத்தினார்கள். இன்றும் இங்கே கச்சேரி உண்டு. தேவதூதர்களின் கீழே வயலின் கேட்டிருக்கிறேன். மரக்கூரையில் ஒலி எதிரொலித்துக் குழம்பாமல் மென்மையாக வந்து விழும்.

ஞாயிறு ஆராதனைக்கும் ஒருமுறை வாருங்கள். 1682ஆம் ஆண்டு என்று பொறித்த ஒரு மரப்பொம்மை இருக்கிறது, முன்பு கடிகாரத்துக்கு மணி அடித்தவன். கயிற்றை இழுத்தால் தலையை அசைத்து, கையிலுள்ள கோடரியால் மணியைத் தட்டுவான். அவன் தட்டிய பிறகுதான் குருவானவர் உள்ளே வருவார். போன முறை என் மகள்தான் கயிற்றை இழுத்தாள்.