பம்பை மாற்றிய பிறகும் பவர் ஸ்டீயரிங் கனக்கிறது: ஸ்டீயரிங் பாக்ஸைக் கழற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: காய்கறிவண்டி, மதுரவாயல்

வணக்கம். கோயம்பேடு சந்தையிலிருந்து போரூர், வளசரவாக்கம் பகுதிக் கடைகளுக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பழைய டீசல் பிக்கப் ஒன்று என்னிடம் இருக்கிறது. சில மாதங்களாக, சந்தைக்குள் வண்டியை மெதுவாகத் திருப்பும்போது ஸ்டீயரிங் மிகவும் கனக்கிறது. ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்தால் இலகுவாகிவிடுகிறது. திருப்பும் நேரத்தில் முன்பக்கத்திலிருந்து முனகல் போன்ற சத்தம் வருகிறது. பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைத் திறந்தால் மேலே நுரை நிற்கிறது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை. மழை நீர் தேங்கிய சாலையில் போய் வந்தால் சிறிது நேரம் இன்னும் மோசமாகிறது.

பம்ப் போய்விட்டது என்று சொல்லி, மெக்கானிக் புதுப்பேட்டையிலிருந்து சர்வீஸ் செய்த பம்ப் ஒன்றை வாங்கிப் பொருத்தினார். தொடக்கத்தில் நன்றாக இருந்தது. இப்போது பழையபடியே ஆகிவிட்டது. அடுத்து ஸ்டீயரிங் பாக்ஸை, அதாவது ஸ்டீயரிங் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெட்டியை, கழற்ற வேண்டும் என்கிறார். அந்தச் செலவுக்கு முன் பார்க்க வேண்டியவை எவை?

மறுமொழி: அம்பத்தூர் ஓட்டுநர்

ஐயா, முதலில் பம்பைச் சுழற்றும் பெல்ட்டைப் பாருங்கள். தண்ணீரில் போனதும் கனக்கிறது என்றால் நனைந்த பெல்ட் வழுக்குகிறது என்பதுதான் முதல் சந்தேகம். இன்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்துங்கள். பொதுவாக ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் அது உள்வாங்க வேண்டும். ஓரங்கள் கண்ணாடிபோல் மின்னினால் இறுக்கிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினாலும் பம்பின் பேரிங் கெட்டுவிடும்.

மறுமொழி: பாடி பட்டறை

பெல்ட்டைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் பெல்ட் வழுக்கினால் கீச்சென்று கத்தும். ஆயிலில் நுரை வராது. இங்கே நுரையும் முனகலும் சேர்ந்து வருகின்றன. வெளியே கசிவும் இல்லை. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது என்றே தோன்றுகிறது. காரணம் பம்புக்கு வெளியே இருந்தால், எத்தனை பம்ப் மாற்றினாலும் அது அங்கேயேதான் இருக்கும். புதிதாக நிரப்பிய ஆயிலில் காற்று சேரும்வரை வண்டி நன்றாக ஓடியிருக்கும்.

ஆயில் டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் தடித்த ஹோஸில் அழுத்தம் கிடையாது. பம்ப் இழுப்பதால் அங்கே உறிஞ்சல்தான் இருக்கிறது. அதன் கிளிப் தளர்ந்தாலோ, வெப்பத்தில் ரப்பர் இறுகி முனையில் நுண்ணிய வெடிப்பு விழுந்தாலோ, ஆயில் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். ஆகவே, சொட்டு இல்லை என்பதால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. டப்பாவின் அடியிலுள்ள வலை அழுக்கால் அடைத்துக்கொண்டாலும் உறிஞ்சல் கூடி, தளர்ந்த இடத்தில் காற்று இன்னும் எளிதாக நுழையும். பம்பை மாற்றும்போது பழைய ஹோஸையும் பழைய கிளிப்பையும் அப்படியே திருப்பி மாட்டுவது நம் ஊர்ப் பட்டறைகளில் அன்றாடம் நடப்பதுதான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, டப்பாவில் ஆயில் நிற்கும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இன்ஜினை நிறுத்தி, மட்டத்தை மீண்டும் பாருங்கள். உள்ளே அழுந்தியிருந்த காற்று விரிவதால் மட்டம் மேலே ஏறும். 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் காற்று இருப்பது உறுதி. அதன்பின், இன்ஜின் ஓடும்போது உறிஞ்சும் ஹோஸின் இரு முனைகளிலும் அதே ஆயிலைத் தாராளமாகப் பூசுங்கள், ஆனால் பெல்ட்டில் படாமலும் அதன் அருகில் கையைக் கொண்டுபோகாமலும். சத்தம் மாறினால் காற்று நுழையும் இடம் அதுதான்.

அழுத்தம் உள்ள மற்ற ஹோஸில் கசிவு தேட வெறுங்கையால் தடவாதீர்கள்; அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அந்த ஆயில் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகக்கூடியது.

மறுமொழி: ஜி.பி. ரோடு வாசகர்

ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களை (சீல்) ஊதவைக்கும் திரவம் கடைகளில் கிடைக்கிறது. ஒரு டப்பா ஊற்றிப் பார்க்கலாமே, செலவு குறைவு.

மறுமொழி: பாடி பட்டறை

அது தேய்ந்த சீலுக்குச் சில காலம் உதவலாம். இங்கே சீல் கசிவதாக எந்த அறிகுறியும் இல்லையே. வெடித்த ஹோஸுக்கு அதை ஊற்றி என்ன பயன்?

மறுமொழி: காய்கறிவண்டி, மதுரவாயல்

பெல்ட்டின் ஓரம் மின்னியதால் மாற்றினேன். நனைந்தால் கனப்பது நின்றுவிட்டது, முனகல் நிற்கவில்லை. நீங்கள் சொன்னபடி மட்டத்தைக் குறித்துப் பார்த்தபோது விரற்கடை அளவு ஏறியது. பம்ப் பக்க முனையில் ஆயில் பூசியதும் சத்தம் தணிந்தது. ஹோஸைக் கழற்றி மடக்கிப் பார்த்தால் உள்வட்டம் முழுவதும் வெடிப்பு. புதிய ஹோஸ் வாங்கியாகிவிட்டது. எந்த ஆயில் ஊற்றுவது, காற்றை எப்படி வெளியேற்றுவது? இன்னொன்று, வளைவில் திரும்பியபின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை. இதற்கும் காற்றுதான் காரணமா?

மறுமொழி: பாடி பட்டறை

டப்பாவின் மூடியிலோ கையேட்டிலோ எந்த ஆயில் போடப்பட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். பழைய பிக்கப்புகள் பலவற்றில் சிவப்பு நிற ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியருக்கான ஆயில்) இருக்கும். பிரேக் ஆயிலை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் அனைத்தும் ஊறிக் கெட்டுவிடும். டப்பாவைக் கழற்றிய கையோடு வலையையும் கழுவிவிடுங்கள்.

ஹோஸை மாட்டியபின் முன் அச்சை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயிலை நிரப்புங்கள். இன்ஜினைப் போடாமல், ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகக் கடைசிவரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். குமிழிகள் வந்து மட்டம் இறங்க இறங்க ஆயில் சேருங்கள். குமிழி நின்ற பிறகுதான் இன்ஜினைப் போட்டு மீண்டும் திருப்ப வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே இன்ஜினைப் போட்டால் பம்ப் காற்றைக் கடைந்து நுரையாக்கிவிடும். அது அடங்க நெடுநேரம் பிடிக்கும். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பிய நிலையில் 5 விநாடிக்கு மேல் பிடித்துவைக்காதீர்கள். சந்தையில் வண்டியை ஒதுக்கும்போதும் இதே விதிதான். அழுத்தம் உச்சத்தில் நின்று, ஆயில் சூடேறி, பம்பும் சீலும் தேயும்.

நேருக்கு வராதது வேறு கோளாறாக இருக்கலாம். அச்சு தூக்கியிருக்கும்போதே, இன்ஜினை நிறுத்திவிட்டு, சக்கரங்களை ஸ்டீயரிங் பாக்ஸோடு இணைக்கும் தண்டை அதிலிருந்து பிரித்து, சக்கரங்களைக் கையால் திருப்பிப் பாருங்கள். அங்கேயே இறுக்கம் இருந்தால், சக்கரம் திரும்பும் மூட்டுகளான கிங்பின்னோ பால் ஜாயின்ட்டோ காய்ந்திருக்கிறது. கிரீஸ் அடியுங்கள், அடைத்திருந்தால் மாற்றுங்கள். சக்கரங்கள் இலகுவாகத் திரும்பினால் டயர் காற்றையும் வீல் அலைன்மென்ட்டையும் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் நேருக்கு வரவில்லை என்றால், ஸ்டீயரிங் பாக்ஸைக் கழற்ற உங்கள் மெக்கானிக் சொன்னதை ஏற்றுக்கொள்ளலாம்.