ஜொப் பச்சை, கணக்குப் பிழை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை_இராப்பூச்சி

2022 மார்ச் கடைசி. இலங்கையில் 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்தார்களே, அந்தக் கிழமை. விளக்கம் தேவையில்லை, முக்கால்வாசிப் பேர் இங்கேதான் இருந்திருப்பீர்கள்.

சுப்பர்மார்க்கெட் ஒன்றின் இரவு லோட் (தரவு ஏற்றம்) என் பொறுப்பு. கிளை கிளையாக விற்பனையை எடுத்து டேட்டா வேர்ஹவுஸில் (அறிக்கைகளுக்காக எல்லாத் தரவையும் சேர்த்து வைக்கும் தரவுத்தளம்) போடும் ஜொப், ஒவ்வொரு கிளையும் முடிய ஒரு கொமிட் (அதுவரை போட்டதை நிரந்தரமாக்குவது). பதினொன்றே காலுக்கு ஜெனரேட்டரில் டீசல் முடிந்து சேர்வர் படுத்துவிட்டது. கரண்ட் வந்ததும் இரவுப் பணியில் இருந்த தம்பி ஜொப்பை முதலில் இருந்து ஓட விட்டிருக்கிறார். அவரில் பிழை சொல்ல முடியாது, ‘விழுந்தால் திரும்ப ஓட்டு’ என்று எழுதிக் கொடுத்தது நான். ஓடி முடிந்து, சரியாக முடிந்தது என்று பச்சை விழுந்தது. எனக்கு எஸ்.எம்.எஸ். வந்தது, பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

சேர்வர் விழ முன்னமே ஏறியிருந்த கிளைகள் இரண்டாம் தரமும் ஏறியிருந்தன. அப்பெண்ட் ஜொப், பழையதை அழிக்காது. காலை ஏழரைக்கு டாஷ்போர்டைத் திறந்தேன். கொழும்புக் காலி வீதிக் கிளைகள் நாலும் சரியாக இரட்டிப்பு. பார்த்தவுடன் என்ன நடந்தது என்று விளங்கிவிட்டது.

ஒன்பது மணிக்குக் கூட்டம். விற்பனை மனேஜர் அந்தத் திரையைக் காட்டிக் கதை சொல்லத் தொடங்கினார். பக்கத்துச் சின்னக் கடைகள் இருட்டில் பூட்டிவிட்டனவாம், அதனால் சனம் எங்களிடம் வந்ததாம். மெழுகுதிரி, டோர்ச், சார்ஜ் பண்ணும் ஃபேன் எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்களாம். அவ்வளவு அழகாகப் பொருந்தியது. ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று இன்னொருவர். அந்த இடத்திலேயே போனை எடுத்து நாலு கிளைக்கும் மெழுகுதிரி இரண்டு மடங்கு அனுப்பச் சொன்னார்.

நான் வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து, எல்லாரும் எழும்பிப் போன பிறகு மெயில் போட்டேன். இப்போது ஜொப் அந்தத் திகதிக்கு அந்தக் கிளையின் வரிகளை அழித்துவிட்டு ஒரே ட்ரான்ஸக்‌ஷனில் (எல்லாம் சேர்ந்து நடக்கும், அல்லது ஒன்றுமே நடக்காது) திரும்பப் போடுகிறது. எத்தனை தரம் ஓட்டினாலும் பரவாயில்லை. ஆனால் மனதில் நிற்பது அந்த ஜொப் இல்லை, கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மணித்தியாலம். (மெழுகுதிரி எல்லாம் விற்றுத் தீர்ந்தது, அது வேறு கதை.)

கொட்டாஞ்சேனை_மிஸ்

எனக்கு 2019இல். லீசிங் கொம்பனி, வாகனம் தவணைக்குக் கொடுப்பது. கிளைகளில் இருந்து வாடிக்கையாளர் ஃபைல் சீஎஸ்வியாக (வெறும் எழுத்தாக உள்ள அட்டவணை) வரும். ஒரு கிளையில் யாரோ அதை எக்செல்லில் திறந்து, ஒரு பெயரைத் திருத்தி, சேமித்து அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது.

பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கமும் பின்னால் வீயும் (V). எழுத்து இருப்பதால் எக்செல் அதில் கை வைக்காது. 2016இல் இருந்து வரும் புதிய அட்டைக்குப் பன்னிரண்டும் இலக்கம். பதினொரு இலக்கம் வரைக்கும் எக்செல் பொறுத்துக்கொள்ளும், பன்னிரண்டானதும் 2.00112 என்று சுருக்கி, பின்னால் ஒரு ஈயும் (E) +11உம் ஒட்டிவிடும். சீஎஸ்வியாகச் சேமித்தால் மிச்ச இலக்கங்கள் போனது போனதுதான்.

அட்டையில் முதல் நாலு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் (பெண்கள் என்றால் 500 கூட்டியிருக்கும்). அப்படியானால் 2.00112 என்றால் என்ன? 2001 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் பிறந்த பெடியன்கள் அத்தனை பேரும் ஒரே ஆள். எங்கள் லோட் இலக்கத்தைச் சாவியாக வைத்து, இருந்தால் சேர், இல்லாவிட்டால் புதிதாகப் போடு என்று ஓடுகிறது. அது சந்தோஷமாகச் சேர்த்தது. எரர் ஒன்றுமில்லை, ரிஜெக்ட் ஃபைலும் காலி.

அடுத்த நாள் அந்தக் கிளையில் இருந்து போன். “மிஸ், ஒரு சின்னக் கேள்வி. எனக்கு முன்னால் ஒரு தம்பி நிற்கிறார். இவருக்கு எங்களிடம் ஒன்பது மோட்டார் சைக்கிள் ஓடுதா?” பின்னால் அந்தப் பெடியன் சிரிக்கும் சத்தம் கேட்டது. கிளைக்காரர் சிரிக்கவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் அவரும் நிறுத்திவிட்டார். “அக்கா, நான் ஒன்றும் எடுக்கேல்லை” என்று போனுக்கு மேலால் கத்தினார். பதினெட்டு வயது. அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது.

பழைய_டீபிஏ

இராப்பூச்சித் தம்பி, திகதியை அழித்துத் திரும்பப் போடுவது சரி என்று நினைக்கிறீர்கள். அரைவாசிதான் சரி. நேற்று விற்றதை இன்று திருப்பிக் கொடுத்தால்? கிளை லைன் விழுந்து மூன்று நாள் பிந்தி ஃபைல் வந்தால்? ஏதோ ஒரு திகதியை அழிக்கிறீர்கள், சோர்ஸில் (தரவு வரும் மூல சிஸ்டத்தில்) அந்தத் திகதி முழுதாக இருக்கிறது என்று யார் உத்தரவாதம்?

என் கதை சின்னது. 2006 ஏப்ரல் 15, புதுவருடத்துக்கு அடுத்த நாள். பத்து வருடமாக யூடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) முன்னால் ஆறு மணித்தியாலம், ஆறரை என்று ஆட்டம் காட்டிவிட்டு நாட்டின் நேரத்தை ஐந்தரைக்கே கொண்டுவந்தார்கள். நள்ளிரவு பன்னிரண்டரைக்கு மணிக்கூட்டைப் பன்னிரண்டுக்கு இழுக்க வேண்டும். நான் இருந்தது தொலைபேசி அழைப்புகள் ஏறும் வேர்ஹவுஸில். சேர்வரில் நேரத்தை மாற்றியது இந்தக் கை. கால் மணித்தியாலத்துக்கு ஒரு லோட், கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பிந்தியதை மட்டும் எடுக்கும். கடைசி வோட்டர்மார்க் (எதுவரை எடுத்தது என்ற குறி) 12.29. மணிக்கூடு பின்னால் போன பிறகு வந்த அழைப்பெல்லாம் அதற்கு முந்தியது போலத் தெரிந்தது. ஜொப் ஓடுகிறது, பூச்சியம் ரெக்கோட், பச்சை. நான் தேநீர் ஊற்றிக்கொண்டு, சனம் வாழ்த்துச் சொல்லிக் களைத்துப் படுத்துவிட்டது என்று நினைத்தேன். அந்த இரவில் அரை மணித்தியாலம் இரண்டு தரம் வந்தது, எங்கள் வேர்ஹவுஸில் ஒரு தரம்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் பில்லிங்கோடு ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது.

சரி, இனி இளையவர்களுக்கு. முதலாவது, மணிக்கூட்டை வோட்டர்மார்க்காக நம்பாதீர்கள். சோர்ஸில் ஏறிக்கொண்டே போகும் இலக்கம் இருந்தால் அதைப் பிடியுங்கள், அல்லது ட்ரான்ஸக்‌ஷன் லொக்கில் (தரவுத்தளம் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கும் பதிவு) இருந்து எடுங்கள். அதிலும், முதலில் வாங்கிய இலக்கம் பிந்திக் கொமிட் ஆகலாம், அதனால் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் பின்னால் போய்த் திரும்ப எடுங்கள், எடுத்ததைச் சாவி வைத்து மேர்ஜ் பண்ணுங்கள். நேரத்தைத்தான் பிடிக்க வேண்டும் என்றால் யூடிசியில் வையுங்கள், இலங்கை நேரத்தைத் தனிக் கொலமாக வையுங்கள். யூடிசியை வைத்தே நாளைப் பிரித்தால் இங்கே நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் நடந்தது எல்லாம் முதல் நாள் கணக்கில் விழும். இரண்டாவது, ஸ்டேஜிங் (தரவு முதலில் இறங்கும் இடைத் டேபிள்) இல்லாமல் ஃபாக்ட் டேபிளை (விற்பனை, அழைப்பு போன்றவை வரிவரியாக ஏறும் டேபிள்) தொடாதீர்கள். வந்தது வந்தபடி முதலில் எழுத்தாகவே இறங்கட்டும், இலக்கமாக மாற்றுவது பிறகு. கொட்டாஞ்சேனைத் தங்கச்சி, உங்கள் ஈயும் +11உம் அங்கேயே அகப்பட்டிருக்கும்: அடையாள இலக்கம் பன்னிரண்டு இலக்கமாகவோ, ஒன்பதும் ஒரு வீயும் அல்லது எக்ஸுமாகவோ இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்த வேண்டியதுதானே. மூன்றாவது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பேட்ச் இலக்கம், அது ஒவ்வொரு வரியிலும். நாலாவது, சோர்ஸ் பக்கம் எத்தனை வரி, எவ்வளவு ரூபாய் என்று ஒரு கட்டுப்பாட்டு மொத்தம் ஃபைலோடு சேர்ந்து வர வேண்டும். ஏற்றிய பிறகு இரண்டும் ஒத்தால்தான் பச்சை. ஐடெம்பொட்டன்ட் (எத்தனை தரம் ஓட்டினாலும் விளைவு ஒன்றே) என்று இப்போது பெரிய சொல் வைத்திருக்கிறீர்கள், நாங்கள் பெயர் வைக்காமலே செய்தோம்.

வெள்ளவத்தை_இராப்பூச்சி

அண்ணை, பெயர் வைக்காமல் செய்த காலத்தில்தானே அந்த அரை மணித்தியாலம் போனது? நான் ஆலோசனை கேட்கவில்லை, நடந்ததைச் சொல்லக் கேட்டேன். பிந்தி வரும் ஃபைலுக்கு அதன் திகதி, கிளை இரண்டும் திரும்ப முழுதாக ஏறும், அதை நீளம் கருதி எழுதவில்லை.

பழைய_டீபிஏ

அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

நுகேகொடைப்_பூனை

சண்டையை நிறுத்துங்கள். ஸ்ரீதரன் கதை சொல்கிறேன்.

காப்புறுதி. தமிழ், சிங்களப் பெயர்களையும் பிறந்த திகதியையும் வைத்து இரண்டு சிஸ்டத்து ஆட்களைச் சேர்க்கும் வேலை. ஸ்ரீதரன், ஸ்ரீகாந்தன், ஜெயஸ்ரீ எல்லாரும் இரண்டு இரண்டாக நிற்கிறார்கள். திரையில் நானூறு வீதம் பெருப்பித்து, இரண்டு ஸ்ரீதரனையும் மேலும் கீழும் வைத்து, மூக்கு முட்டப் பார்த்தேன். ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. பிறகு பைட்டுகளை எடுத்துப் பார்த்தால் ஒருவர் ‘ஸ’வில் தொடங்குகிறார், மற்றவர் கிரந்த ‘ஶ’வில். இரண்டோடும் புள்ளியும் ‘ரீ’யும் சேர்ந்தால் எழுத்துரு ஒரே வடிவத்தைக் காட்டும். யூனிகோட் நோர்மலைஸ் பண்ணினால் (ஒரே எழுத்தை வேறு வேறு விதமாக அடித்ததை ஒன்றாக்கினால்) சரிவரும் என்று நினைத்தேன். கொம்பும் காலும் தனித்தனியாக அடித்த ‘கொ’வை அது ஒன்றாக்கும், இந்த ஸ்ரீயை ஒன்றாக்காது. கையால்தான் விதி எழுத வேண்டும்.

எழுதினேன், வேலை செய்தது, தலைக்கேறிவிட்டது. அதோடு நின்றிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் தமிழ்ப் பெயர்களின் நடுவிலும் கிடந்தன, ஃபோன் கீபோர்டுகள் போடும் குப்பை. அகலமில்லாத இணைப்பான் எல்லாவற்றையும் வழித்துத் துடைக்க இன்னொரு வரி சேர்த்தேன், அழகாக ஒரே ஃபங்ஷனில், எல்லாக் கொலமுக்கும்.

சிங்களத்தில் ஸ்ரீ எழுத அந்த இணைப்பான் வேண்டும். அதை எடுத்தால் எழுத்து உடைந்து இரண்டாகத் தனித்தனியே நிற்கும். எனக்குத் தெரியாது. தமிழுக்குச் சோதித்தேன், ஆங்கிலத்துக்குச் சோதித்தேன்.

மூன்றாம் நாள் பக்கத்து மேசை அக்கா ஒன்றும் பேசாமல் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் கீபோர்டுக்கு மேல் வைத்தார். சிங்களத்தில் வாடிக்கையாளருக்குப் போகும் கடிதம், விலாசம் எங்கள் வேர்ஹவுஸில் இருந்து வருகிறது. சிவப்புப் பேனையால் மூன்று வட்டம். ஒன்று ஆளின் பெயர், ஒன்று வீதியின் பெயர், மூன்றாவது நாட்டின் பெயர். நாட்டின் பெயரையே உடைத்திருக்கிறேன். உறைகள் தபாலுக்குப் போய்விட்டன.

அக்கா பிறகு சிரித்தார், நல்லவர். ஆனால் வைத்த அந்த நிமிஷம் சிரிக்கவில்லை.

மட்டக்குளி_87

பூனை, பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டுவது) வந்த பழைய ஃபைலை யூனிகோட் என்று நினைத்து ஏற்றியவன் நான். டைமென்ஷன் (ஆள், பொருள் போன்ற விவரங்கள் இருக்கும் டேபிள்) முழுக்க ஆங்கில எழுத்துக் கலவை. உங்களுடையது பெரிய பாவம் இல்லை.

புறக்கோட்டை_சிட்டை

டீபிஏ ஐயா வோட்டர்மார்க்கைப் பற்றி இவ்வளவு எழுதினார், டைமென்ஷனில் பழையதை மேலெழுதுவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எங்களை விழுத்தியது அதுதான்.

இறக்குமதிக் கடை. நாணய மாற்று வீதத்துக்கு ஒரு டேபிள், ஒரு நாணயத்துக்கு ஒரே வரி, தினமும் காலை புதியது பழையதை அழிக்கும். டொலர் 203இல் அசையாமல் கிடந்த காலத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள், மே மாதம் 360. நான் அந்த மாதம் ஜனவரி அறிக்கையைத் திரும்ப எடுத்து முதலாளிக்குக் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு, மேசை இழுப்பறையில் இருந்து சிவப்பு மட்டைக் கொப்பியை எடுத்து லப்டொப்புக்குப் பக்கத்தில் விரித்தார். ஜனவரி, அவரது கையெழுத்து. ஒரு வரியில் விரலை வைத்தார். “தம்பி, நான் 203 ரூபாய்ப்படி கட்டின டொலர் இது. உன்ர பெட்டி 360 என்று சொல்லுது. மிச்சக் காசை எனக்காக ஆர் கட்டினது?”

பதில் இல்லை. அவர் விரலையும் எடுக்கவில்லை. இப்போது வீதத்துக்குத் தொடங்கும் நாள், முடியும் நாள் இருக்கிறது, ஏற்றும்போதே அன்றைய வீதம் கொள்வனவு வரியிலும் எழுதப்படுகிறது. வற் வரி 15 வீதத்தில் இருந்து 18 ஆன 2024 ஜனவரியில் நான் பயப்படவில்லை. ஆனாலும் முதலாளி கொப்பியை விடவில்லை.

தெஹிவளை_போயா

எங்கள் ஜொப் ஒவ்வொரு போயாவுக்கும் (பௌர்ணமி விடுமுறை) சிவப்பு. வங்கி விடுமுறை, ஃபைல் வராது. சிவப்பைப் பார்த்து “இன்றைக்குப் போயா” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் பழகிவிட்டோம். விடுமுறை அட்டவணை ஒன்று போடச் சொல்லி நான் இரண்டு வருடம் சொன்னேன், பிறகு நானும் விட்டுவிட்டேன். ஒரு பொசன் போயா அன்று டிஸ்க் நிரம்பி உண்மையாகவே விழுந்தது. சிவப்பு. ‘போயா’ என்று மூன்று பேர் குழுவில் போட்டோம், முதலில் போட்டது நான். திங்கள்தான் தெரிந்தது.

மட்டக்குளி_87

கொட்டாஞ்சேனை மிஸ், அந்தப் பெடியனுக்குக் கடைசியில் மோட்டார் சைக்கிள் கிடைத்ததா?

கொட்டாஞ்சேனை_மிஸ்

கிடைத்தது, ஐந்து நாள் பிந்தி. கிளையிடம் சரியான ஃபைலைத் திரும்ப வாங்கி ஒன்பது பேரையும் பிரித்து எடுக்க அவ்வளவு நாள் போனது. அதற்குள் கறுப்பு முடிந்துவிட்டதாம், சிவப்பைக் கொண்டுபோனார்.